ஊதாதக்காவின் ஸ்பிரிட் பாட்டில்

எங்கள் பள்ளியில் அறிவியல் ஆய்வகத்துக்கும் என் கணக்கு வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சுவரில் ஒரு கதவு. எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் அரை அடி திறந்தே நிற்கும். நான் வட்டத்தின் பரப்பளவில் மூழ்கியிருக்கும்போது அந்த அரை அடி வழியாக ஒரு குரல் வந்து விழும். "ஊதாதே! ஊதாதேன்னா ஊதாதே! மூடிய எடுத்துப் போடு!" என் பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். வட்டம் போன இடம் தெரியாது.

ஸ்பிரிட் விளக்கை வாயால் ஊதி அணைக்கக்கூடாது. மூடியைக் கவிழ்த்தால் தானே அணைந்துவிடும். ஆனால் நெருப்பைக் கண்டால் எந்தப் பிள்ளைக்கும் கன்னம் உப்பிவிடுகிறது. பதினோரு வருடமாக அந்த உப்பிய கன்னங்களைப் பார்த்துக் கத்திக் கத்தியே ஆய்வக உதவியாளருக்கு 'ஊதாதக்கா' என்று பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அது எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இங்கே வருவதற்கு முன்னால் ஆறு வருடம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டினார். அந்தக் கை இன்னும் மாறவில்லை. எங்கள் ஆய்வகத்தில் லேபிள் இல்லாத பொருள் கிடையாது. உப்பு டப்பாவில் 'உப்பு', அதன் கீழே திறந்த தேதி. தண்ணீர் பாட்டிலில் 'தண்ணீர்'. ஒருநாள் நான் என் கண்ணாடிக் கூட்டை மறந்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் அதன் மேல் 'கணக்கு சார்' என்று ஒட்டி, தேதியும் போட்டிருந்தது. நல்லவேளை, காலாவதித் தேதி போடவில்லை.

இன்னொரு விஷயத்திலும் அவர் கறார். ஆய்வகத்துக்குள் யாரும் எதையும் தின்னக்கூடாது. "உள்ள வந்துட்டா பழமும் கெமிக்கல்தான் சார்" என்று ஒருமுறை என் கையிலிருந்த கொய்யாவைப் பார்த்துச் சொன்னார். நான் கதவுக்கு வெளியே நின்று கடித்தேன். அறிவியல்காரர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்குச் சோதனைக் குழாய் இருக்கிறது, நெருப்பு இருக்கிறது, நிறம் மாறும் நீர் இருக்கிறது. எனக்கு ஒரு துண்டு சாக்பீஸ்.

இந்த வருடம் அந்த ஆய்வகத்துக்கே ஆபத்து வந்தது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவு நடக்க வேண்டுமானால் குறைந்தது பதினைந்து பிள்ளைகள் வேண்டும். போன வருடமே தட்டுத் தடுமாறித்தான் பதினைந்து சேர்ந்தது. இந்த வருடம் பத்தாம் வகுப்பில் யாரைக் கேட்டாலும் கணினி, கணினி என்றார்கள். பதினைந்து வராவிட்டால் பிரிவை மூடிவிட்டு ஆய்வகத்தைக் கணினி அறையாக மாற்றிவிடுவது என்று தலைமையாசிரியை முடிவு செய்துவிட்டார். ஊதாதக்கா வாசல் கேட்டுக்குப் போக வேண்டும், வருபவர் போகிறவர் பெயரை எழுதிக்கொண்டு. விருப்பப் படிவம் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. படிவங்களை வாங்கி எண்ணும் பொறுப்பு எனக்கு. எண்ணத் தெரிந்தவன் என்றால் இப்படி எல்லாவற்றையும் தலையில் கட்டிவிடுவார்கள்.

உயிரியல் டீச்சர் வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. என் மகளைவிடச் சின்னவர். அவருக்கு ஒரு யோசனை வந்தது. படிவம் கொடுப்பதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பத்தாம் வகுப்பு முழுவதையும் ஆய்வகத்துக்கு வரவழைத்து, ஒவ்வொருவர் கையாலும் வாழைப்பழத்திலிருந்து டிஎன்ஏவை எடுக்க வைப்பது.

"புத்தகத்துல ஏணி மாதிரி படம் போட்டிருக்கும் சார். அதையே கண்ணால பாத்தா விடுவாங்களா?" என்றார்.

"வாழைப்பழத்துக்குள்ள ஏணி இருக்கா?"

"ஏணியாத் தெரியாது சார். வெள்ளையா நூல் நூலா வரும்."

செய்முறையும் சமையல் குறிப்பு மாதிரி எளிதாகத்தான் இருந்தது. பழத்தைப் பையில் போட்டுக் கூழாகப் பிசைய வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் உப்பும் சேர்க்க வேண்டும். சோப்பு, பழத்தின் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வை உடைத்துவிடும். உள்ளே இருக்கும் டிஎன்ஏ சாற்றில் கலந்துவிடும். சாற்றைத் துணியில் வடிகட்டி, சோதனைக் குழாயில் ஊற்றி, மேலே குளிர்ந்த ஸ்பிரிட்டை ஓரமாக மெல்ல விட வேண்டும். டிஎன்ஏ தண்ணீரில் கரையும், ஸ்பிரிட்டில் கரையாது. அதனால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாகத் திரண்டு மேலே எழும்பும். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மாலை டீச்சர் ஒத்திகை பார்த்தார். ஊதாதக்கா பழத்தை நறுக்கிக் கொடுத்தார், ஐஸ் கட்டியில் உப்பைத் தூவி ஸ்பிரிட்டைக் குளிரவைத்தார். நான் அரை அடிக் கதவு வழியாக மூக்கை நீட்டினேன். குழாயில் ஸ்பிரிட் இறங்கியது. மூவரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தோம். ஸ்பிரிட் மேலே நிற்காமல் சாற்றோடு கலங்கிவிட்டது. பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு நூலும் இல்லை, நூலின் நுனியும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வேறு சோப்பு, அதிக உப்பு, நன்றாகக் கனிந்த பழம். இந்தத் தடவை தலைமையாசிரியையும் வந்து நின்றார். மறுபடியும் கலங்கல்தான். டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. "காலேஜ்ல நானே பண்ணியிருக்கேன் மேடம். நல்லா வந்துச்சு. என்னமோ என் கைதான் சரியில்ல" என்றார்.

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. ஆனால் இழுத்தடிப்பது அவருக்குப் பிடிக்காது. "ரெண்டு தடவ வரலைன்னா பிள்ளைங்க முன்னாடி மூணாவது தடவ வேண்டாம்மா. அசிங்கமாயிடும். வீடியோ ஒண்ணு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் தொட்டியில் குழாயைக் கழுவிக்கொண்டே அழுதார். ஊதாதக்கா பக்கத்தில் நின்றார். அவர் கண் சுவரில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளில் இருந்தது. 'ஸ்பிரிட், தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாமல்.' அதைப் படித்ததும் அவர் ஸ்பிரிட் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்பதை எனக்கு அவர் சொன்னது பிறகுதான். கதையை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் விளக்கை ஊதினாள். விளக்கின் திரி மூடி தளர்ந்திருந்தது. ஸ்பிரிட் சிதறி, நெருப்பு மேசை மேல் ஓடி, அவள் கையைப் பிடித்துக்கொண்டது. ஊதாதக்கா ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழன்றுவிட்டது. அந்தப் பெண் பிழைத்தாள், படித்தாள், வேறு பிரிவுக்குப் போனாள். மருத்துவமனையில் அவளுடைய அம்மா ஊதாதக்காவைத் திட்டவில்லையாம், வெறுமனே பார்த்தாராம். "திட்டியிருந்தா தேவலை சார்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நான்கு நாள், பள்ளி விட்டதும் அவர் தனியாக ஆய்வகத்தில் உட்கார்ந்தார். ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தார், விளக்கு பற்றவில்லை. நாலில் ஒரு பங்கு கலந்தார், இன்னும் துள்ளியது. மூன்றில் ஒரு பங்கு கலந்தபோது நெருப்பு சின்னதாக, சொன்ன பேச்சைக் கேட்கிற மாதிரி எரிந்தது. அன்றிலிருந்து புது பாட்டில் வந்தவுடன் யாருக்கும் தெரியாமல் அந்தக் கணக்குப்படி தண்ணீர் கலந்துவிடுவார். அந்த ஆய்வகத்தில் பொய் சொன்ன ஒரே லேபிள் அதுதான்.

யாருக்கும் சந்தேகம் வராமல் இல்லை. எங்கள் பள்ளியில் மட்டும் தண்ணீர் கொதிக்க முழு வகுப்பும் போய்விடும். இலையைச் சூடான ஸ்பிரிட்டில் போட்டுப் பச்சையை எடுக்கும் சோதனையில், அந்தப் பச்சை போவேனா என்று அடம் பிடிக்கும். ஆனால் ஒரு ஆசிரியர் திரியைக் குறை சொன்னார், ஒருவர் இலையைக் குறை சொன்னார், மழைக்காலத்தைக் குறை சொன்னவரும் உண்டு. பாட்டிலை யாரும் சந்தேகப்படவில்லை. அதில்தான் அவ்வளவு அழகாக லேபிள் ஒட்டியிருந்ததே!

செவ்வாய்க்கிழமை இரவு சாப்பிடும்போது அக்கா கணவரிடம் சொன்னார். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், எதற்கும் பதறாத மனிதர்.

"இதுல என்ன இருக்கு? ஒரு புது பாட்டில் வாங்கித் தர்றேன். பழசக் கொட்டிட்டு இத வெச்சிடு. யாருக்குத் தெரியப் போவுது?"

"அதான் மேடம் வேண்டாம்னு சொல்லிட்டாங்களே. ஏன் வரலைன்னு காரணம் சொன்னாத்தானே மறுபடி பண்ண விடுவாங்க?"

"சொன்னா உன் வேலைக்கு வேட்டு."

"சொல்லலைன்னா மட்டும்? லேப மூடிட்டா நான் கேட்டுலதான் நிக்கணும்."

"கேட்டு வேலையாவது மிஞ்சும்ல."

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாராம். பிறகு, "அந்த டீச்சர் பொண்ணு தன் கை சரியில்லைன்னு அழுவுதுங்க. எப்பிடி நான் பாத்துட்டுப் போவேன்?" என்றார். கணவர் அதற்குமேல் வாதாடவில்லை. "காலையில எத்தன மணிக்குக் கடை திறப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை காலை நான் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கத் தலைமையாசிரியை அறையில் நின்றேன். ஊதாதக்கா ஆய்வகத்து ஸ்பிரிட் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார்.

"மேடம், டீச்சர் மேல தப்பில்ல. இந்த ஸ்பிரிட்ல தண்ணி இருக்கு. நான்தான் ஊத்தினேன்."

"எப்போ?"

"பதினோரு வருஷமா."

தலைமையாசிரியை பேனாவை மூடினார். எனக்கு அங்கிருந்து நழுவிவிட வேண்டும் போலிருந்தது, ஆனால் விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்து விழவில்லை. அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தீப்பிடித்த கை, அந்த அம்மா பார்த்த பார்வை, நான்கு நாள் சோதனை, மூன்றில் ஒரு பங்கு.

"லேபிள்ல என்ன எழுதியிருக்கு?" என்றார் தலைமையாசிரியை.

"ஸ்பிரிட்னு."

"உள்ள?"

"ஸ்பிரிட்டும் தண்ணியும்."

"அப்பவே ஸ்பிரிட்டும் தண்ணியும்னு எழுதி, என்கிட்ட வந்து காரணத்தச் சொல்லியிருந்தா நானே கைதட்டியிருப்பேன். மருந்து கம்பெனியில வேலை பாத்தவங்க நீங்க. அங்க இப்படிப் பண்ணுவீங்களா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்வி அவரை எங்கே தைக்கும் என்று தெரிந்தே கேட்டார் என்று நினைக்கிறேன். எனக்குத் தலைமையாசிரியை மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

டீச்சரை வரவழைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை, "அப்போ என் கை சரியாத்தான் இருக்கா?" அடுத்த நொடியே குரல் மாறியது. "ரெண்டு நாளாத் தூக்கமே இல்லக்கா. பக்கத்துலயே நின்னீங்களே, நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கணும்மா. பயந்துட்டேன்."

தலைமையாசிரியை ஒரு தாளை இழுத்தார். அக்கா எழுத்துபூர்வமாக விளக்கம் கொடுக்க வேண்டும், அது அவர் கோப்பில் இருக்கும். அதில் சலுகை கிடையாது. வியாழக்கிழமை செய்முறை நடக்கலாம். பதினைந்து வராவிட்டால் ஆய்வகம் மூடுவது மூடுவதுதான். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பழைய பாட்டிலைத் தொட்டியில் கொட்டச் சொன்னார்.

"கொட்ட வேண்டாம் மேடம். நாளைக்கு எனக்கு அது வேணும்" என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை என் வகுப்புக்கு ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு நான் கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஏழு மேசைகள், இருபத்தெட்டு அரைப் பழங்கள். அக்கா ஒரு விளக்கைக்கூட மேசையில் விடவில்லை, எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் பையைப் பிசைந்த வேகத்தில் ஒரு பை வெடித்து மூன்று சட்டை நாசமாயிற்று. இரண்டு பேர் பாதிப் பழத்தில் பாதியை விழுங்கியிருந்தார்கள். அக்காவின் முறைப்பில் மீதி தப்பித்தது.

டீச்சர் முன்னால் இரண்டு குழாய்களை வைத்தார். இரண்டிலும் ஒரே சாறு. ஒன்றில் பழைய பாட்டிலிலிருந்து ஸ்பிரிட் விட்டார், மற்றதில் காலையில் அக்காவின் கணவர் வண்டியில் கொண்டுவந்து கொடுத்த புது பாட்டிலிலிருந்து. முதல் குழாய் கலங்கியது. இரண்டாவதில் ஸ்பிரிட் தனியாக மேலே நின்றது. அதற்கும் சாற்றுக்கும் நடுவே வெள்ளையாக ஏதோ கூடியது. குமிழிகளோடு ஒட்டிக்கொண்டு மெதுவாக மேலே வந்தது. டீச்சர் ஒரு குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்தார். நூல் நூலாகத் தொங்கியது.

"ஐயே, சளி மாதிரி இருக்கு!" என்றான் ஒருவன்.

"இந்தப் பழத்தோட மரத்த எப்படி வளக்கணும்னு எழுதி வெச்சிருக்கிற சளி" என்றார் டீச்சர். பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்து முண்டியடித்தார்கள். நானும்தான்.

பிறகு டீச்சர் முதல் குழாயைத் தூக்கிக் காட்டி, இதில் ஏன் வரவில்லை என்று கேட்டார். பழம் வேறு, குழாய் அழுக்கு, சோப்பு குறைவு என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். யாரும் சரியாகச் சொல்லவில்லை. பழைய ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருந்தது என்று டீச்சரே சொன்னார்.

"யார் மிஸ் கலந்தது?"

டீச்சர் தயங்கினார். அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. பின்னால் தொட்டியோரம் நின்ற ஊதாதக்கா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்தார்.

"நான்தான்."

அவர் காரணத்தையும் சொன்னார், சுருக்கமாக. கையைச் சுட்டுக்கொண்ட பெண், துள்ளிய நெருப்பு, தண்ணீர். முதல் மேசைப் பையன் ஒருவன், "அப்போ எங்களுக்காகத்தானேக்கா பண்ணீங்க?" என்றான்.

"உங்களுக்காகன்னு சொல்லிக்கிட்டுதான் பண்ணேன். பயந்தது என்னமோ நான். அத வெளிய சொல்லாம மறைச்சதால டீச்சர் ரெண்டு நாள் அழுதாங்க."

இந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பதினாறு வருடத்தில் அவர் ஒரு வகுப்புக்கு முன்னால் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. பயிற்சித் தாள் முடித்த என் பிள்ளைகள் பின்னாலிருந்து "சார், சார்" என்று கூப்பிட்டது காதிலேயே விழவில்லை.

இருபத்தெட்டில் இருபத்தேழு குழாய்களில் நூல் வந்தது. நாலாம் மேசை நெட்டைப் பெண்ணுக்கு மட்டும் வரவில்லை. அவள் வகுப்பில் வாய் திறக்காதவள். கலங்கிய குழாயைப் பைக்குப் பின்னால் மறைத்துவைத்துவிட்டு, மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து படிவங்கள் வந்தன. மதியம் உயிரியல் கேட்டவர்கள் ஒன்பது பேர். இரண்டு மணிக்குப் பதின்மூன்று. மூன்று மணிக்குப் பதினான்கு. அங்கேயே நின்றுவிட்டது. நான் மூன்று தடவை எண்ணினேன். பதினான்கை எப்படி எண்ணினாலும் பதினான்குதான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கின் மேல் எனக்கு எரிச்சல் வந்தது. நாலு மணிக்குப் பெட்டியைத் தலைமையாசிரியையிடம் கொடுக்க வேண்டும். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஆய்வகத்துக்குப் போனேன்.

உள்ளே அந்த நெட்டைப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு நேத்து வரலக்கா. இன்னொரு தடவ பண்ணிப் பாக்கலாமா?"

டீச்சர் வேறு வகுப்பில் இருந்தார். ஆசிரியர் இல்லாமல் எதையும் தொடவிடுவதில்லை என்பது அக்காவின் சட்டம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கணக்கு சார் இருக்கார்ல, அவரும் ஆசிரியர்தானே" என்று சொல்லிவிட்டு மீதமிருந்த பழத்தை எடுத்துக் கொடுத்தார். என்னை அறிவியல் ஆசிரியராக ஒருவர் ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அவள் பிசைந்தாள், வடிகட்டினாள், ஸ்பிரிட்டை ஓரமாக விட்டாள். விட்டவுடன் கை தானாகக் குழாயைக் குலுக்கப் போனது.

"குலுக்காதே. அப்பிடியே வை" என்றார் அக்கா.

வைத்தாள். வெள்ளை மெதுவாகக் கூடியது, மெதுவாக மேலே வந்தது. அவள் குனிந்து, மூக்கு குழாயில் இடிக்கிற அளவு நெருங்கிப் பார்த்தாள்.

"நேத்து நான் குலுக்கிட்டேனா?"

"ஆமா. நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

அக்கா ஒரு குச்சியை எடுத்து அவளிடம் நீட்டினார். "சொல்லிக் குடுக்கிறது என் வேல இல்லைன்னு நினைச்சுட்டேன். இனிமே சொல்றேன்" என்றார்.

நெட்டைப் பெண் பையிலிருந்து கசங்கிய படிவத்தை எடுத்து, ஈரக் கையோடு அங்கேயே எழுதி என்னிடம் நீட்டிவிட்டு ஓடிப்போனாள். மணி மூன்று ஐம்பது. பதினைந்தாவது படிவம். ஓரத்தில் வாழைப்பழக் கறை. பிரிவு என்ற இடத்தில் உயிரியல். காரணம் என்ற இடத்தில் மற்றவர்கள் எல்லாம் மருத்துவர் ஆவதற்கு, செவிலியர் ஆவதற்கு, அப்பா சொன்னதால் என்று எழுதியிருந்தார்கள். இவள் எழுதியதை அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

'நேற்று வரவில்லை. இன்று வந்தது.'

"இன்னொரு தடவ படிங்க சார்" என்றார் அக்கா. படித்தேன். அவர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.